ஏற்காட்டில் டோல்கீன் வாசிப்பு: செப்டம்பர் 22 முதல் மார்ச் 25 வரை எப்படிப் பிரிப்பது?

அஸ்தம்பட்டி வாசகர் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. சேலத்தில் டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் பிரியர்கள் பதினைந்து பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். சூரமங்கலம், குகை, அம்மாபேட்டை, ஓமலூர் என்று பல பக்கத்து ஆட்கள். இரண்டு பேர் ஏற்காட்டிலேயே குடியிருப்பவர்கள். பாதிப் பேர் புத்தகத்தைப் பலமுறை படித்தவர்கள், மீதிப் பேர் படம் மட்டும் பார்த்தவர்கள். எல்லோரும் சேர்ந்து ஒருமுறை முழுப் புத்தகத்தையும் படித்து முடிக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

கதையின் நாயகர்கள் பில்போ, ஃப்ரோடோ பிறந்தநாளான செப்டம்பர் 22 அன்று ஆரம்பித்து, மோதிரம் அழியும் மார்ச் 25 அன்று முடிக்கலாமா என்று யோசனை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஏற்காட்டில் ஒரு நாள் கூடலாம்.

கேட்க வேண்டியவை இவை. கதையில் வரும் தேதிப்படியே அன்றன்றைக்கு உரிய பகுதியைப் படிப்பது நடைமுறைக்கு ஒத்து வருமா? எங்கே ஆட்கள் பாதியில் விடுவார்கள்? சத்தமாக வாசிக்க எந்தப் பகுதி பொருந்தும்? ஏற்காட்டில் எங்கே உட்காரலாம்? முன்பு இப்படிக் குழு நடத்தியவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நாலாம்யுகம்

தேதிப்படி படிக்க வேண்டாம். காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

புத்தகம் 1954, 1955இல் மூன்று தொகுதியாக வந்தாலும் டோல்கீன் எழுதியது ஒரே நாவல். உள்ளே ஆறு பாகம். அத்தியாயங்கள் முறையே 12, 10, 11, 10, 10, 9, மொத்தம் 62. கதைத் தேதிகள் இந்த 62 மீதும் சமமாகப் பரவவில்லை. ஃப்ரோடோ செப்டம்பர் 23 அன்று வீட்டை விட்டுக் கிளம்பி அக்டோபர் 20 அன்று எல்ஃப் இனத்தாரின் ஊரான ரிவெண்டெல் ஆற்றுத்துறையை அடைகிறான். 25 அன்று ஆலோசனைக் கூட்டம். அதற்குப் பிறகு டிசம்பர் 25 வரை யாரும் நகர்வதில்லை. ஆனால் ஃப்ரோடோவின் துணைவர்களில் ஒருவனான போரோமிர் இறக்கும் பிப்ரவரி 26க்கும் மார்ச் 25க்கும் நடுவில் 34 அத்தியாயங்கள் அடைந்து கிடக்கின்றன. நவம்பர், டிசம்பரில் படிக்க ஒன்றுமில்லாமல் குழு ஆறிப்போகும்; மார்ச்சில், அதுவும் பரீட்சைக் காலத்தில், தினமும் ஒரு அத்தியாயத்துக்கு மேல் படிக்க வேண்டிவரும். பெரும்பாலான குழுக்கள் அங்கேதான் உடைகின்றன.

இன்னொன்று, அது நம் காலண்டரும் இல்லை. ஷயர் (ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்களின் நாடு) கணக்கில் எல்லா மாதத்துக்கும் 30 நாள்தான், பிப்ரவரிக்கும் சேர்த்து. மீதி ஐந்து நாளும் எந்த மாதத்திலும் சேராமல் ஆண்டு முடிவிலும் நடுவிலும் நிற்கும். நம் ஜனவரி 1 ஏறக்குறைய ஷயர் ஜனவரி 9 என்று நான்காம் பின்னிணைப்பே சொல்கிறது. ஆகவே தேதிகளைத் திருநாளாகக் கொண்டாடுங்கள், அட்டவணையாக்க வேண்டாம்.

இரண்டு முனைத் தேதியையும் வைத்துக்கொண்டு நடுவை வாரக் கணக்கில் நிரப்புங்கள். செப்டம்பர் 22 முதல் மார்ச் 22 வரை சரியாக 26 வாரம். மோதிரம் அழிவது 6-3, அதாவது ஆறாம் பாகம் மூன்றாம் அத்தியாயம். அதுவரை 56 அத்தியாயம். நான் பரிந்துரைப்பது:

1ஆம் வாரம்: 1-1, 1-2
2ஆம் வாரம்: 1-3 முதல் 1-5 வரை
3ஆம் வாரம்: 1-6 முதல் 1-8 வரை
4ஆம் வாரம்: 1-9, 1-10
5ஆம் வாரம்: 1-11, 1-12, 2-1
6ஆம் வாரம்: 2-2 மட்டும்
7 முதல் 10 வரை: 2-3 முதல் 2-10 வரை, வாரம் இரண்டு
11 முதல் 14 வரை: 3-1 முதல் 3-8 வரை, வாரம் இரண்டு
15ஆம் வாரம்: 3-9 முதல் 3-11 வரை
16 முதல் 20 வரை: நான்காம் பாகம், வாரம் இரண்டு
21 முதல் 25 வரை: ஐந்தாம் பாகம், வாரம் இரண்டு
26ஆம் வாரம்: 6-1, 6-2. 6-3ஐ மட்டும் நிறுத்தி வைத்து மார்ச் 25 அன்று எல்லோரும் சேர்ந்து படியுங்கள்.

இந்தப் பிரிப்பில் ஐந்தாம் வாரம் அக்டோபர் 20 முதல் 26 வரை விழும். ஆற்றுத்துறையும் ரிவெண்டெலும் கதைத் தேதியிலேயே வந்துவிடுவதால், தேதிப்படி படிக்க ஆசைப்பட்டவர்களுக்கும் மனநிறைவு.

மார்ச் 25க்குப் பிறகு ஆறு அத்தியாயம் மிச்சம் இருக்கும். அதை மூன்று வாரமாக்கினால் சித்திரை முதல் நாளை ஒட்டி 6-9 முடியும். ‘மோதிரம் போயிற்று, கதை முடிந்தது’ என்று யாரையும் கலைய விடாதீர்கள். டோல்கீன் அந்த ஆறு அத்தியாயத்தை ஒட்டுப்போட்டது போல எழுதவில்லை. முதல் அத்தியாயத்திலிருந்தே அவற்றை நோக்கித்தான் கதை நடக்கிறது. 6-5 படிக்கும் வாரத்தில் முதல் பின்னிணைப்பில் உள்ள அரகோர்ன், அர்வென் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்கள் விடும் இடங்கள் நான்கு. முதலாவது, முன்னுரை. ஹாபிட்டுகள் பற்றிய அந்த நீண்ட பகுதியைப் புதியவர்கள் தாண்டிவிட்டு 1-1இல் தொடங்கலாம், பிறகு திரும்பி வரலாம். இரண்டாவது, 1-6 முதல் 1-8 வரையிலான டாம் பாம்படில் பகுதி. படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இது முற்றிலும் புதிது. கதை நின்றுவிட்டதாகத் தோன்றும். அதனால்தான் மூன்றையும் ஒரே வாரத்தில் வைத்தேன். மூன்றாவது, 2-2. புத்தகத்திலேயே மிக நீளமான அத்தியாயம், முழுக்கப் பேச்சு. நான்காவது, 4-1 தொடக்கம். குதிரை வீரர்களின் நாடான ரோஹனில் போரும் குதிரையுமாக ஓடிய கதை சட்டென்று மூன்று பேர் பாறையில் இறங்கும் கதையாக மாறும்.

2-2க்கு ஒரு வழி உண்டு. தனியாகப் படிக்கச் சொல்லாதீர்கள். பாத்திரம் பிரித்து வாசியுங்கள். பேசும் வரிசை கிளோயின், எல்ராண்ட், போரோமிர், அரகோர்ன், பில்போ, ஃப்ரோடோ, காண்டால்ஃப். நடுவில் கொல்லம் (மோதிரத்தை முன்பு வைத்திருந்தவன்) தப்பிய செய்தியோடு லெகோலாஸ். காண்டால்ஃப் பங்கு மிகப் பெரியது, சாருமானிடம் அகப்பட்ட கதைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு பேருக்குப் பிரித்துவிடுங்கள். கதை கூறும் இடைவரிகளுக்குத் தனியாக ஒருவர். தெருக்கூத்தில் வேடம் பிரிப்பது போல ஒரு வாரம் முன்பே பிரித்துக் கொடுத்துவிட்டால், படிக்காதவர்கூடத் தன் பங்குக்காகப் படித்துவிட்டு வருவார். இரண்டு அமர்வாக வையுங்கள், ஒரே மூச்சில் வேண்டாம்.

மற்ற வாரங்களில் முழுவதையும் சத்தமாக வாசிக்க நேரம் போதாது. நாவல் சுமார் 4,80,000 சொல். அத்தியாயத்துக்குச் சராசரி 7,700. நிமிடத்துக்கு 150 சொல் வேகத்தில் ஒரு அத்தியாயமே 50 நிமிடம். வீட்டில் படித்துவிட்டு வந்து, அமர்வில் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு பகுதி வாசித்தால் பேச நேரம் கிடைக்கும். சத்தமாக வாசிக்கவென்றே எழுதியவை போல இருப்பவை: 1-2இல் கொல்லம் பற்றிய உரையாடல், 2-5 பாலம், 3-10 சாருமானின் குரல், 5-5இன் கடைசிப் பக்கங்கள், 6-4.

கடைசியாக, பக்க எண்ணைச் சொல்லவே சொல்லாதீர்கள். ஆளாளுக்கு ஒரு பதிப்பு வைத்திருப்பார்கள். பாகம்-அத்தியாயம் எண் எல்லாப் பதிப்புக்கும் ஒன்று. புதிதாக வாங்குபவர்கள் 2004இல் பிழை திருத்தி வந்த ஐம்பதாண்டுப் பதிப்பின் பாடத்தைக் கொண்ட பிரதியாகப் பார்த்து வாங்கட்டும்.

காபித்தோட்டம்

ஏற்காடு பற்றி நான் சொல்றேங்க.

செப்டம்பர் 22, மார்ச் 25 ரெண்டும் வேற வேற சீதோஷ்ணம், ஒரே திட்டம் சரிப்படாது. செப்டம்பர்ல மத்தியானத்துக்கு மேல மழை பிடிச்சா விடாது. மலை மேல பனிமூட்டம் இறங்கினா பத்தடி தள்ளி நிக்கறவர் முகம் தெரியாது, புத்தகத் தாள் நமுத்துப் போகும். வாசிப்பைக் காலை 9லிருந்து 12க்குள்ள முடிச்சிடுங்க. வாசிக்க வேண்டிய பகுதியை மட்டும் பிரிண்ட் எடுத்து ஜிப் கவர்ல வெச்சுக்கலாம், புத்தகம் பையிலயே இருக்கட்டும். கூரை உள்ள ஒரு இடத்தை, தங்கும் விடுதி ஹால் மாதிரி, முன்னாடியே பேசி வெச்சிடுங்க.

மார்ச்ல மழை பயம் குறைவு, ஆனா காட்டுத்தீ காலம். சருகு எல்லாம் காய்ஞ்சு கிடக்கும். ‘கேம்ப் ஃபயர் போட்டு ஹாபிட் மாதிரி உக்காரலாம்’னு யாராவது கண்டிப்பா கேப்பாங்க. கூடவே கூடாது. மெழுகுவத்தியும் வேண்டாம், பேட்டரி விளக்கு போதும்.

இடம்: ஏரி, அண்ணா பூங்கா ரெண்டும் சத்தம் ஜாஸ்தி, பதினைந்து பேர் வட்டமா உக்காந்து வாசிச்சா கடைசி ஆளுக்குக் கேக்காது. பகோடா பாயிண்ட்ல காட்சி அருமை, காத்து குரலை அடிச்சிட்டுப் போயிடும், குரங்கு வேற சோத்துப் பையைக் குறி வெச்சு வரும். லேடீஸ் சீட் பக்கம் சாயங்காலம் நல்லா இருக்கும். கீழ சேலம் முழுக்க தெரியும், விளக்கு எரிய ஆரம்பிக்கிற நேரத்துல 3-11ல பிப்பின் கல்லுக்குள்ள பாக்கற பகுதியை வாசிக்கலாம். சேர்வராயன் கோயில் பக்கம் பரந்த மைதானம் இருக்கு, ரோஹன் மாதிரியேதான் தோணும். ஆனா அது மக்கள் கும்பிடற இடம். அங்க வேஷம், அட்டை வாள் எல்லாம் வேண்டாங்க. கும்பிட்டுட்டு, சும்மா நடந்துட்டு வாங்க. காபி எஸ்டேட் எல்லாம் தனியார் நிலம். வேலி இல்லைன்னாலும் அனுமதி கேக்காம உள்ள போகக் கூடாது.

அஸ்தம்பட்டி வழியா ஏறுனா 20 கொண்டை ஊசி வளைவு. பஸ்ல வரும்போது படிக்காதீங்க, பாதிப் பேருக்கு வாந்தி வந்துடும். ஆடியோ கேக்கலாம், கண்ணு வெளிய இருக்கணும்.

இன்னொரு திருநாளையும் விட்டுட்டீங்க. ஜனவரி 3 டோல்கீன் பிறந்தநாள், 1892. அன்னிக்கு ராத்திரி 9 மணிக்கு அவங்கவங்க ஊர் நேரப்படி கோப்பையை உயர்த்தி ‘பேராசிரியருக்கு’ன்னு சொல்றது உலகம் முழுக்க ரசிகர்கள் வழக்கம். இதை ஏற்காட்டுல வெக்காதீங்க. 9 மணிக்கு மேல மலை இறங்கறது சிரமம், குளிரும் இருக்கும். சேலத்துல யாராவது வீட்டு மொட்டை மாடி போதும், சுக்குக் காபியே போதும்.

பிறந்தநாள்னா ஹாபிட்டுகள் பரிசு வாங்க மாட்டாங்க, கொடுப்பாங்க. செப்டம்பர் 22 அன்னிக்கு எல்லாரும் வீட்டுல சும்மா கிடக்கிற ஒரு பொருளைக் கொண்டு வந்து சீட்டு குலுக்கிக் கைமாத்திக்கலாம். பயன் இல்லாட்டியும் தூக்கிப் போட மனசு வராத பொருளை முன்னுரைல ‘மாத்தம்’னு சொல்றாங்களே, அதேதான். புதுசா காசு போட்டு வாங்கக் கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு வெச்சா யாருக்கும் சங்கடம் இல்லை.

அஸ்தம்பட்டி வாசகர்

ரொம்ப நன்றி இருவருக்கும். அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, பெயர்களைச் சத்தமாக வாசிக்கும்போது ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். இரண்டு, ‘படத்தில் இப்படி இல்லையே’ என்ற பேச்சு ஒவ்வொரு தடவையும் சண்டையாகிறது. மூன்று, எல்லோருக்கும் எல்விஷ் (கதையில் வரும் எல்ஃப் இனத்தாரின்) எழுத்தில் பெயர் பேட்ஜ் செய்ய ஆசை. தமிழ்ப் பெயரை அதில் எழுத முடியுமா?

திருமணிமுத்தாறு

உச்சரிப்புக்கு ஐந்தாம் பின்னிணைப்பு இருக்கிறது. தமிழ் வாசகருக்கு அது ஆங்கிலேயரைவிட எளிது, ஏனென்றால் கேட்பதெல்லாம் நம் நாக்கில் இருப்பவை.

எல்விஷ் பெயர்களில் ஆங்கில ‘சி’ எப்போதுமே ‘க’தான். கெலெபோர்ன், கிரித் உங்கோல். ‘செலெபோர்ன்’ தவறு. கரத்ராஸ் என்பதில் வரும் ‘த்’ நாம் ‘அது’ என்று சொல்லும்போது வருவது போல மென்மையாக வர வேண்டும். சௌரோன் என்பதில் தெளிவான ‘ஔ’, ‘சாரோன்’ அல்ல. ஸ்மௌக் டிராகனுக்கும் அதே. எழுத்தின் மேல் கோடோ கூரையோ இருந்தால் நெடில்: லோரியன், பரத்-தூர். ரகரத்தை எங்கே வந்தாலும் நாக்கு அதிர உச்சரிக்க வேண்டும், விழுங்கக் கூடாது. இரட்டித்த மெய்யை இரட்டித்தே சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் தடுமாறும் இடம் இது; நமக்குச் சொல்லித் தரவே வேண்டாம்.

அழுத்தம் எங்கே விழும் என்பதைக் குறில், நெடில், ஒற்று தெரிந்தவர் ஒரே நிமிடத்தில் பிடித்துவிடலாம். கடைசிக்கு முந்தைய அசையில் நெடில் இருந்தாலோ, ஐ, ஔ இருந்தாலோ, குறிலுக்குப் பின் இரண்டு மெய் வந்தாலோ அழுத்தம் அங்கே. இல்லாவிட்டால் அதற்கும் முந்தைய அசையில். இசில்துர் என்பதில் ‘சில்’, பெலார்கிர் என்பதில் ‘லார்’, தெனெதோர் என்பதில் முதல் ‘தெ’. ஹாபிட் பெயர்களுக்கும் ரோஹன் பெயர்களுக்கும் இந்த விதி கிடையாது. அவை வேறு மொழி.

படம், புத்தகம் சண்டைக்கு: மூன்று படத்தையும் தடை செய்ய வேண்டாம், சரியான வாரத்தில் சேர்ந்து பாருங்கள். முதல் படத்தை (178 நிமிடம்) இரண்டாம் பாகம் முடிந்தவுடன் பார்க்காதீர்கள். போரோமிரின் முடிவு புத்தகத்தில் 3-1இல் இருக்கிறது, படமோ அதோடுதான் முடிகிறது. எனவே 11ஆம் வாரத்துக்குப் பிறகு. இரண்டாம் படத்தை (179) 19ஆம் வாரத்துக்குப் பிறகு. அப்போது 4-8 வரை படித்திருப்பீர்கள். ராட்சதச் சிலந்தி ஷெலோப் வரும் 4-9 மூன்றாம் படத்துக்குத் தள்ளப்பட்டதால் அதன் பயம் புத்தகத்துக்கே மிஞ்சும். மூன்றாம் படத்தை (201) சித்திரைக்குப் பிறகுதான்.

படம் பார்த்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியவை சில. விருந்துக்கும் ஃப்ரோடோ கிளம்புவதற்கும் நடுவில் புத்தகத்தில் 17 ஆண்டு. ஆற்றுத்துறைப் பகுதியில் அர்வென் இல்லை. வருபவர் குளோர்ஃபிண்டெல், ஃப்ரோடோ அவர் குதிரையில் தனியாகக் கடக்கிறான். ஃபாரமிர் ஃப்ரோடோவை ஓஸ்கிலியத்துக்கு இழுத்துப் போவதில்லை. 4-5ஐ இந்த ஒரு காரணத்துக்காகவே நிதானமாகப் படிக்க வேண்டும், 4-4இல் அறிமுகமாகும் புத்தகத்தின் மிக நேர்மையான மனிதரை அங்கேதான் நெருங்கி அறிகிறோம். மினாஸ் திரித் போரில் இறந்தவர்களின் படை வருவதில்லை. 6-8 பற்றி இங்கே ஒரு வரிகூட எழுத மாட்டேன். படத்தில் அது இல்லாததால் உங்கள் குழுவில் பாதிப் பேருக்கு அது முழுப் புதையல். படித்தவர்கள் வாய் திறக்காமல் இருப்பதே அவர்களுக்குச் செய்யும் பெரிய மரியாதை.

வாட்ஸ்அப்பில் செய்தியின் முதல் வரியில் ‘3-4 வரை’ என்று எண் போடுங்கள். கீழே நாலைந்து வெற்று வரி விட்டு எழுதினால் அறிவிப்புத் திரையில் உள்ளடக்கம் தெரியாது.

மூன்று, நான்காம் பாகங்களுக்கு ஒரு சார்ட் தாளும் அவசியம். குழு உடைந்தபின் கதை மூன்று கிளை: ஃப்ரோடோ, சாம் ஒன்று, மெர்ரி, பிப்பின் ஒன்று, அரகோர்ன், லெகோலாஸ், கிம்லி ஒன்று. மூன்று பத்தி போட்டு இடது ஓரத்தில் தேதி எழுதுங்கள். இரண்டாம் பின்னிணைப்பில் எல்லாத் தேதியும் உண்டு. பிப்ரவரி 29 வரிசையைப் பாருங்கள்: மெர்ரியும் பிப்பினும் ட்ரீபியர்டைச் சந்திக்கும் அதே நாளில் ஃப்ரோடோ கொல்லத்தைச் சந்திக்கிறான். ஒன்று 3-4, இன்னொன்று 4-1. நான்கு வார இடைவெளியில் படிப்பவருக்கு அது ஒரே நாள் என்பதே தெரியாது. மார்ச் 5இல் சாருமானோடு பேச்சு நடக்கும்போது ஃப்ரோடோ கறுப்பு வாயிலின் எதிரே ஒளிந்திருக்கிறான். இந்தச் சார்ட்டை வாராவாரம் யாராவது ஒருவர் நிரப்பினால் நான்காம் பாகத்தில் ஆட்கள் விடுவது பெரிதும் குறையும்.

சங்ககிரி எழுத்தன்

பேட்ஜ் கேள்விக்கு: தாராளமாக முடியும். தெங்வார் என்ற அந்த எல்விஷ் எழுத்துமுறை தமிழுக்குப் பொருந்துவது போல மற்ற மொழிகளுக்குப் பொருந்துமா என்பதே சந்தேகம். அதன் 24 அடிப்படை எழுத்தும் நம் வல்லினம் போலப் பிறப்பிடப்படி நான்கு வரிசையாக நிற்கின்றன. உயிர்க்குறி மெய்யின் மேல் ஏறும். குவென்யா என்ற எல்ஃப் மொழியின் முறையில் முந்தைய மெய்யின் மேல் ஏறும். அதாவது க என்ற மெய், அதன் தலையில் இகரக் குறி, சேர்த்தால் ‘கி’. நம் வழக்கமே. சிந்தாரின் என்ற இன்னொரு எல்ஃப் மொழியின் முறையில் அடுத்த மெய்யின் மேல் ஏறும், அதைத் தொட வேண்டாம்.

தமிழுக்கென்று டோல்கீன் வகுத்த முறை எதுவும் இல்லை. ஆகவே குழுவாக ஒரு பட்டியல் முடிவு செய்து எல்லோரும் அதையே பின்பற்ற வேண்டும். என் பரிந்துரை:

முதல் வரிசை (தின்கோ) த, இரண்டாவது (பர்மா) ப, மூன்றாவது (கல்மா) ச, நான்காவது (குவெஸ்ஸே) க. ட வரிசைக்கு இடம் இல்லை. தின்கோவுக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்து ட ஆக்கிக்கொள்ளலாம். நூமென் ந, மால்தா ம. ண வேண்டுமானால் நூமெனுக்கும் அதே இரண்டு புள்ளி. ஓரே ர, ரோமென் ற, லாம்பே ல, அல்தா ள, அர்தா ழ, வாலா வ.

உயிர்: மூன்று புள்ளி அ, ஒரு புள்ளி இ, சாய்ந்த கோடு எ, வலப்பக்கம் திறந்த வளைவு ஒ, இடப்பக்கம் திறந்த வளைவு உ. மோதிரத்தின் மேல் உள்ள எழுத்தைப் பார்த்துப் படி எடுப்பவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள், ஏனென்றால் அதில் வலப்பக்க வளைவே உகரம். நெடிலுக்கு ஏ, ஓ, ஊ குறிகளை இரட்டித்துவிடலாம். ஆ, ஈ இரண்டுக்கும் நீண்ட தாங்கிக் கோட்டின் மேல் குறியை வையுங்கள்.

இனி அழகான பகுதி. ஒரு எழுத்தின் மேல் படுக்கைக் கோடு போட்டால் அதற்கு முன் அதே வரிசையின் மூக்கொலி இருக்கிறது என்று பொருள்: ங்க, ஞ்ச, ந்த, ம்ப எல்லாம் ஒரே எழுத்தில் அடங்கும். கீழே கோடு போட்டால் மெய் இரட்டிப்பு: க்க, த்த, ப்ப. தமிழ்ப் பெயர்களில் பாதி இந்த இரண்டு கோட்டிலேயே முடிந்துவிடும்.

‘நங்கவள்ளி’ என்று எழுதிப் பாருங்கள். நூமென், மேலே மூன்று புள்ளி. குவெஸ்ஸே, மேலே கோடு, அதற்கும் மேலே மூன்று புள்ளி. வாலா, மூன்று புள்ளி. அல்தா, கீழே கோடு, மேலே ஒரு புள்ளி. நான்கே எழுத்து.

தவறுகள் வருமிடம்: மேல்கோடும் புள்ளியும் ஒன்றின் மேல் ஒன்று விழும். கோடு எழுத்தை ஒட்டியும் புள்ளி அதற்கு மேலும் இருக்க வேண்டும். கையால் எழுதினால் 2 மி.மீ. பட்டை நிப், 45 பாகை சாய்வு. பேட்ஜில் எழுத்துயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும். கணினியில் அடிப்பவர்களுக்கு ஒன்று: தெங்வார் யூனிகோடில் இன்னும் சேர்க்கப்படவில்லை. பழைய எழுத்துருக்கள் எல்லாம் ஆங்கில விசைகளின் மேல் உட்கார்ந்திருப்பவை. அந்தக் கோப்பை அப்படியே பிரிண்ட் கடைக்கு அனுப்பினால் அங்கே எழுத்துரு இருக்காது, வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக அச்சாகும். பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருவை உள்ளே பொதிந்து அனுப்புங்கள். படமாக அனுப்புவதானால் 300 டிபிஐ.

சின்னதிருப்பதி

சாப்பாட்டை யாரும் தொடவில்லையே. லெம்பாஸ் (கதையில் எல்ஃப்கள் செய்யும் வழிப்பயண ரொட்டி) செய்து இலையில் கட்டிக் கொண்டு போகலாம். கோதுமை மாவு 250 கிராம், வெண்ணெய் 125, பொடித்த சர்க்கரை 75, ஏலப்பொடி அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து மாவைச் சேர்த்து, உதிர்ந்தால் மட்டும் ஒரு ஸ்பூன் பால். ஒரு செ.மீ. கனத்தில் தட்டிச் சதுரமாக வெட்டி 160 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். அவன் இல்லாதவர்கள் குக்கரில் உப்பு பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு, சின்னத் தீயில் 35 நிமிடம். வெளியே பழுப்பு, உள்ளே வெளிர். புத்தகத்தில் சொன்ன நிறமே வரும்.

சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டால் ஈரம் இழுத்து மறுநாளே மெத்தென்று ஆகிவிடும். முழுக்க ஆறிய பிறகே இலையில் கட்ட வேண்டும், சூடாகக் கட்டினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். வாழையிலையைத் தணலில் லேசாக வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. தட்டுவடை செட் கொண்டு போவதானால் தட்டுவடை, காய்த்துருவல், சட்னி மூன்றையும் தனித்தனி டப்பாவில் கொண்டு போய் மேலே போய்ச் சேருங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கும் தடை; ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலாம்யுகம்

ஒரு சேர்க்கை. புதிதாகச் சேர்பவர்கள் குழுவில் பிடிஎஃப் கேட்பார்கள், யாராவது போட்டும் விடுவார்கள். டோல்கீன் மறைந்தது 1973 செப்டம்பர் 2. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு, அதாவது 2033 டிசம்பர் 31 வரை உரிமை உண்டு. ஆகவே பிடிஎஃப் பகிர வேண்டாம். நீங்களே தமிழில் மொழிபெயர்த்த அத்தியாயங்களையும் பொதுவில் ஏற்ற வேண்டாம். கூடுகையில் ஓரளவு பகுதியை வாசிக்கத் தடையில்லை. பதினைந்து பேருக்கு ஏழெட்டுப் பிரதி இருந்தாலே போதும். பக்கத்துப் பக்கத்து ஏரியா ஆட்களை ஜோடியாக்கி, ஒருவர் வாரத்தின் முதல் பாதியும் மற்றவர் பின்பாதியும் வைத்துக்கொள்ளலாம்.

டோல்கீனின் முந்தைய நாவலான ‘தி ஹாபிட்’ முதலில் படிக்கலாமா என்று யாராவது கேட்டால், ஆம். 19 அத்தியாயம், வாரம் மூன்று வீதம் ஐந்து வாரம், ஆறாவது வாரம் நான்கு. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் தொடங்கினால் செப்டம்பர் 22க்கு முன் முடிந்துவிடும். 1937 முதல் பதிப்பில் கொல்லம் மோதிரத்தையே பந்தயப் பரிசாக வைப்பான். 1951இல் டோல்கீன் அந்த ஐந்தாம் அத்தியாயத்தை மாற்றி எழுதினார். இப்போது கடையில் கிடைப்பது மாற்றிய பாடம்தான். 2-2இல் பில்போ ‘முன்பு வேறு மாதிரி சொல்லியிருந்தேன்’ என்று மன்னிப்புக் கேட்கும் இடம் வரும்போது புதியவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், அப்போதுதான் அந்த வரி திறக்கும். ‘சில்மரில்லியன்’ மட்டும் இப்போதைக்கு வேண்டாம், அடுத்த செப்டம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டி வாசகர்

எல்லாவற்றையும் தொகுத்துக் குழுவில் போட்டாயிற்று. 2-2க்கு வேடம் பிரிக்க இப்போதே ஆள் கேட்டதில் கிளோயினுக்கு மூன்று பேர் போட்டி, எல்ராண்டுக்கு யாரும் இல்லை. சங்ககிரி நண்பரே, பேட்ஜ் பட்டியலில் ய, ஞ இரண்டும் விடுபட்டிருக்கிறது. அதற்கு எந்த எழுத்து?

சங்ககிரி எழுத்தன்

ஞகரத்துக்கு மூன்றாம் வரிசையின் மூக்கொலி எழுத்தான நோல்தோ. யகரத்துக்கு அன்னா, அதன் கீழே இரண்டு புள்ளி. ஸகரமாக ஒலிக்கும் சகரம், உதாரணமாக ‘சேலம்’, வேண்டுமென்றால் கல்மாவுக்குப் பதில் சில்மே. ஆனால் உயிர்க்குறி ஏறும்போது அதைத் தலைகீழாகத் திருப்பி எழுத வேண்டும், இல்லாவிட்டால் மேல்வளைவில் குறி இடிக்கும்.